இடது காதில் சாளை

மண்டபம் நண்டுக் கம்பெனியில்
தலைவலைக்குள் ஒயரைச் சுருட்டி வைத்துக்கொண்டால்
சூப்பர்வைசருக்குத் தெரியாது.
வலது பக்கம் எப்போதோ உப்பேறிச் செத்துப்போயிற்று.
காதல்ல, இயர்போன்.
இடதில் மட்டும் பாட்டு.

மெமரி கார்டு ரெமிஜியூஸ் கொடுத்தது.
தூத்துக்குடிக்குக் கருவாட்டு லோடு போன இடத்தில்
யாரோ ஒருவர் மொட்டை மாடியில் கேட்டானாம்.
"பேண்டு பேரு சாளை" என்றான்.
"கிலோ எவ்வளவு?" என்றாள் ஆமினா.
சிரித்த சிரிப்பில் கத்தி வழுக்கி
என் பெருவிரலில் ஒரு கோடு. இன்னும் இருக்கிறது.

ஒன்பது பாட்டு.
எதிலும் நிலா இல்லை.
ஒன்றில் ஒருத்தன் பேங்குக்குப் போகிறான்,
டோக்கன் நம்பர் கடைசிவரை வரவில்லை,
அவ்வளவுதான் பாட்டு.
அதற்கு எனக்கு ஏன் தொண்டை அடைக்க வேண்டும்?
இன்னொன்றில் கிதார் பிசகும்.
பிசகியதை அவர்கள் அழிக்கவில்லை.
நாலாவதில் நாற்காலி இழுபடும் சத்தம்.
பெரிய காலை நான் உடைக்கவும் நாற்காலி வரவும்
பல நாள் சரியாக இருந்திருக்கிறது.

அந்த நாலாவதில் எனக்குப் பிரியமான ஓர் இடம்.
"கதவச் சாத்திட்டுப் போ" என்று பாடிவிட்டு
அவன் நின்றுவிடுவான்.
ஏழு எண்ணலாம்.
கிதார் மட்டும் வெறுங்காலோடு நடக்கும்.
இரண்டு வருஷம் அந்த ஏழுக்காகவே கேட்டேன்.
கத்தாரிலிருந்து இவர் பேசும்போது
நான் கேட்டது போய்ச் சேர்ந்து
பதில் கிளம்புவதற்கு முன்னால்
லைனில் கிடக்குமே ஓர் இடம்,
அதை ஒருத்தன் பாட்டாக்கிவிட்டான் என்று.

தடைக்காலம். விசைப்படகெல்லாம்
வடக்குத் துறையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன.
மூடிக்கிடந்த ஐஸ் கம்பெனியில் சாளை வருகிறார்கள்,
நூறு ரூபாய், இல்லாதவர்கள் சும்மா வரலாம்.
முப்பது பேர் இருக்கும். என்னோடு பெண்கள் நாலு.
சுவரில் இன்னும் அமோனியா நாற்றம்.
கச்சான் காற்று மைக்குக்குள் புகுந்து
அதுவும் ஒரு பாட்டு பாடிப் பார்த்தது.
ஜெனரேட்டர் இரண்டு தடவை நின்றது.

உயரமானவன் என்று நினைத்திருந்தேன். குள்ளன்.
போட் இன்ஜின் என்று நினைத்திருந்தது உறுமி.
நாற்காலி இழுபடவே இல்லை, அதில் கொஞ்சம் கோபம்.
பேங்கு பாட்டுக்கு வலைப் பையன்கள் விசிலடித்தார்கள்.

நாலாவது வந்தது.
"கதவச் சாத்திட்டுப் போ."
நின்றான்.
ஒன்று எண்ணினேன்.
இரண்டில்,
வலது ஓரத்தில் அதுவரை ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்தவள்
மைக்கிடம் குனிந்து
"நான் எங்க போனேன்" என்றாள்.
ஏழு முடியும்வரை அதையே
மேலே, கீழே, மறுபடி மேலே.
இனிமையான குரலில்லை.
படகிலிருந்து கரைக்குக் கூப்பிடுகிற குரல்.
பக்கத்தில் நின்ற பையனின் வாயும் அசைந்தது,
அவனுக்குத் தெரியும்.
எல்லோருக்கும் தெரியும்.

முடிந்ததும் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தாள். பெயர் ஜோவிட்டா.
"இந்தப் பாட்டுல நீங்க எப்பச் சேந்தீங்க?"
"எழுதுனதே நான்தானக்கா.
ரெக்கார்டுல என்னைய வலதுபக்கம் ஓரமாத் தள்ளிட்டாங்க,
அதான் வருத்தம்."
இயர்போனைப் பற்றி நான் சொல்லவில்லை.
நல்லா இருந்துச்சு என்றேன்.
பஸ் போய்விட்டது. மரைக்காயர்பட்டினம்வரை நடந்தேன்.
இவர் போன் செய்தார். எடுத்தேன்.
"எங்க இருக்க?"
அந்த இடைவெளி வருமுன்னே பேசிவிட்டேன்,
இரண்டு பேர் பேச்சும் மோதி
ஒன்றும் கேட்கவில்லை.

புது இயர்போன் நூற்றைம்பது ரூபாய்.
வாங்கவில்லை.
மறுநாள் ஏழு மணி ஷிப்டு, பழையதே, இடது காதிலேயே.
அவன் நின்றான்.
முகமூடிக்குள் என் வாய் அசைந்தது.
ஆமினா மட்டும் திரும்பிப் பார்த்தாள்.

அன்றைக்கு என் தட்டில்
ஓட்டுத் துண்டு இரண்டு இருந்ததாக எழுதி
கூலியில் முப்பது பிடித்தார்கள்.